பின்பக்கம் 450 சதுர அடியில் அப்பா அம்மாவுக்குத் தனி வீடு: கோவை, 6 சென்ட் மனை, யோசனை சொல்லுங்க

ஒண்டிப்புதூர்க்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். விவரம் முழுசாக இருந்தால்தான் யோசனை சொல்ல உங்களுக்கும் வசதி.

கோவை ஒண்டிப்புதூர் பக்கம் 6 சென்ட் மனை, வடக்குப் பார்த்தது. அகலம் 40 அடி, நீளம் 65 அடி. முன்னால் 8 அடி விட்டு 1994இல் கட்டிய இரண்டு பெட்ரூம் வீடு இருக்கிறது, 28க்கு 32. மேற்கே 7 அடி சந்து, கிழக்கே 5 அடி. வீட்டுக்குப் பின்னால் 25 அடி ஆழத்துக்கு மனையின் முழு அகலமும் காலி. இரண்டு தென்னை, ஒரு முருங்கை, துவைக்கிற கல், அவ்வளவுதான். 2011இல் பழைய வீடாகவே வாங்கியது, பத்திரம் என் பெயரில்.

அப்பாவுக்கு 76, அம்மாவுக்கு 71. உடுமலைக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறார்கள். அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். அப்பாவுக்குச் சர்க்கரை, ராத்திரி நாலைந்து தடவை எழுந்திருப்பார். இனியும் அங்கே தனியாக விட்டுவைக்க மனசு கேட்கவில்லை. இங்கே வீட்டில் நாங்கள் நான்கு பேர், மகள் பத்தாவது படிக்கிறாள். அப்பா தெளிவாகச் சொல்லிவிட்டார்: "ஒரே கூரைக்குள்ள வேண்டாம்ப்பா, கூப்பிடு தூரத்துல இருந்தாப் போதும்." அம்மாவும் என் மனைவியும் தனித்தனியாக என்னிடம் சொன்னது ஒரே விஷயம்தான்: அடுப்படி தனியாக இருக்கட்டும்.

அதனால் பின்பக்கம் 30க்கு 15 அளவில் ஹால், படுக்கையறை, சமையலறை, பாத்ரூம் என்று தரைத்தளம் மட்டும் கட்டலாம் என்று இருக்கிறேன். பழைய வீட்டுக்கும் புதுசுக்கும் நடுவே 6 அடி இடைவெளி, பின்னால் 4 அடி. ஒரு ஒப்பந்ததாரர் சதுர அடிக்கு 2,700 கேட்கிறார். பெரிய வீட்டுக்கு 2,300 என்கிறவர் இதற்கு மட்டும் ஏன் கூட்டுகிறார் என்று புரியவில்லை. அனுமதி தனியாக வாங்க வேண்டுமா? ஈ.பி. இரண்டாவது இணைப்பு கிடைக்குமா? மண் கரிசல் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். அப்பா தோட்டத்தில் கொஞ்சம் விற்றுப் பணம் தருவதாகச் சொல்கிறார். ஈரோட்டில் தங்கை இருக்கிறாள். எதிலிருந்து தொடங்குவது என்று சொல்லுங்கள்.

பிளான் பேப்பர்:

வணக்கம் சார். கட்டட வரைபடம் போட்டு அனுமதி வாங்கிக் கொடுப்பது என் தொழில், அதை மட்டும் சொல்கிறேன்.

கட்டாயம் அனுமதி வேண்டும். "பின்னாடிதானே, யார் பார்க்கப் போறா" என்று கட்டியவர்கள் பிறகு வங்கிக் கடனுக்கோ விற்பனைக்கோ போகும்போதுதான் மாட்டிக்கொள்கிறார்கள். பழைய வீட்டுக்கு அப்போது வாங்கிய பிளான் நகல் கையில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். புது வரைபடத்தில் பழைய கட்டடத்தையும் சேர்த்துத்தான் காட்ட வேண்டும். பழையதில் விதிமீறல் இருந்தால் அதுவும் அப்போது வெளியே வரும்.

2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது, கேள்விப்பட்டிருப்பீர்கள். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட ஆன்லைனில் உடனே அனுமதி. உங்கள் 6 சென்ட் என்பது 2,613 சதுர அடி. 113 அடியில் அந்த வரம்பைத் தாண்டிவிடுகிறீர்கள். எனவே ஒற்றைச் சாளர இணையதளம் வழியாக வழக்கமான முறையில்தான் மாநகராட்சிக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

2019 ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் தளப்பரப்புக் குறியீடு 2. அதாவது மனைப் பரப்பைப் போல இரண்டு மடங்கு வரை கட்டலாம், உங்கள் மனையில் 5,200 சதுர அடிக்கு மேல் கட்ட இடம் உண்டு. 900ம் 450ம் சேர்த்தாலும் பாதிகூட வராது. ஆகவே பரப்பு தடையில்லை, பக்க இடைவெளிதான் தடை. ரோட்டின் அகலத்தையும் கட்டடத்தின் உயரத்தையும் வைத்துத்தான் எந்தப் பக்கம் எவ்வளவு விட வேண்டும் என்பது முடிவாகும். நீங்கள் காகிதத்தில் போட்ட 4 அடியை நம்பி வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டிவிடாதீர்கள். பதிவு பெற்ற பொறியாளர் ஒருவர் நேரில் வந்து டேப் பிடித்து அளக்கட்டும். பத்திரத்தில் 40 என்று இருக்கும், காம்பவுண்டுக்கு உள்ளே 39தான் இருக்கும். தினம் பார்க்கிறோம்.

மனை அங்கீகாரம் பெற்ற லேஅவுட்டில் இருக்கிறதா என்பதையும் சொல்லுங்கள். இல்லையென்றால், 20.10.2016க்கு முன் பதிவான மனைகளுக்கு 2017இல் வந்த வரன்முறைத் திட்டத்தில் முந்தைய உரிமையாளர் பணம் கட்டியிருக்கிறாரா, நீங்கள் கட்டினீர்களா என்று பாருங்கள். அது இல்லாமல் கட்டட அனுமதிக்குப் போக முடியாது.

ஒண்டிப்புதூர்க்காரன்:

நன்றி சார். லேஅவுட் அங்கீகாரம் இருக்கிறது, எண் பத்திரத்திலேயே இருக்கிறது. பழைய பிளான் நகலைத் தேடி எடுக்கிறேன்.

மேஸ்திரி மகன்:

அண்ணா, அந்த ஒப்பந்ததாரர் 2,700 கேட்பதில் அநியாயம் ஒன்றுமில்லை. வீட்டில் காசு தின்கிற இடம் சமையலறையும் பாத்ரூமும். குழாய், டைல்ஸ், வயரிங், மேடை, கதவு எல்லாம் அங்கேதான். 1,200 சதுர அடி வீட்டிலும் ஒரு சமையலறைதான், 450லும் ஒன்றுதான். பெரிய வீட்டில் அந்தச் செலவு வெறும் ஹாலும் ரூமுமாகப் பரவி, சதுர அடிக் கணக்கில் குறைந்து தெரிகிறது.

இன்னொன்று, உங்கள் வீட்டுக்குப் பின்னால் எந்த வண்டியும் போகாது. 7 அடி சந்தில் டிராக்டர் நுழைந்தாலும் திரும்ப வழியில்லை. எம்-சாண்ட், ஜல்லி, கல், கம்பி எல்லாம் வாசலில் இறங்கி, சித்தாள் தலையில் சுமந்து 45 அடி உள்ளே போக வேண்டும். ரெடிமிக்ஸ் என்றால் பம்ப் வைத்து வீட்டுக்கு மேலே பைப் போட வேண்டும், இந்த அளவு கான்கிரீட்டுக்கு அது கட்டுப்படியாகாது. அந்த நடைகூலியையும் சேர்த்துத்தான் அவர் சொல்லியிருப்பார். ஒப்பந்தத்தில் மட்டும் எது உள்ளே, எது வெளியே என்று தெளிவாக எழுதி வாங்குங்கள். காம்பவுண்டு பூச்சு, சாக்கடை இணைப்பு, பழைய தென்னை வேரைத் தோண்டி எடுப்பது, இதெல்லாம் பிறகு "எக்ஸ்ட்ரா" என்று வரும்.

இப்போது மண். இதைத்தான் நான் ரொம்ப அழுத்திச் சொல்வேன். கரிசல் மண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். இரண்டு மாடிக் கட்டடம் என்றால் அதன் பாரமாவது மண்ணைக் கொஞ்சம் அழுத்திப் பிடிக்கும். உங்களுடையது தரைத்தளம் மட்டும், எடை குறைவு. மண் உப்பும்போது மேலே தூக்கிவிடும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் கிளம்பும், வெயில் காலத்தில் விரல் நுனி போகும், மழைக்காலத்தில் மூடிக்கொள்ளும். எத்தனை தடவை பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தாலும் அது திரும்ப வரும்.

அதனால் வரைபடத்துக்கும் முன்னால் ஒரு சோதனைக் குழி தோண்டுங்கள். 3க்கு 3 அகலம், 6 அடி ஆழம். ஒரு நாள் கூலிதான் ஆகும். கரிசல் 3, 4 அடியில் முடிந்து கீழே கெட்டியான சுக்கான் மண்ணோ கிராவலோ வந்தால் கவலையில்லை. கரிசலைத் தாண்டிக் கீழே இறங்கி பில்லர் ஃபூட்டிங் (தூணுக்கு அடித்தளம்) போட்டு, மேலே தூண்களை இணைத்துப் பெல்ட் பீம் கட்டி, பேஸ்மட்டத்துக்குள் கிராவல் நிரப்பிவிடலாம். தோண்டிய கரிசலை மட்டும் திரும்ப உள்ளே கொட்ட விடாதீர்கள். வேலை மிச்சம் என்று அதைத்தான் கொட்டுவார்கள். 6 அடிக்குக் கீழும் கரிசலே வந்தால் அடியில் குமிழ் வைத்த பைல், அதாவது மண்ணுக்குள் ஆழமாக இறக்குகிற கான்கிரீட் தூண் போட வேண்டியிருக்கும். சுமார் 3.5 மீட்டர் ஆழம், அடிக்குமிழ் தண்டைப் போல இரண்டரை மடங்கு அகலம். செலவு கூடும். ஆனால் கரிசலில் காலம் காலமாகத் தாங்குவது அதுதான்.

பழைய வீடு கருங்கல் அஸ்திவாரமாகத்தான் இருக்கும். அதன் பக்கத்தில் மொத்த நீளத்துக்கும் ஒரே மூச்சில் வானம் தோண்டக் கூடாது. குழி குழியாகத் தோண்டி, போட்டு, மூடி, அப்புறம் அடுத்தது.

நெல்லைத் தம்பி:

அண்ணாச்சி, இவ்வளவு பாடு எதுக்கு? கன்டெய்னர் வீடு ரெடிமேடா வருதே. 40 அடிக் கன்டெய்னர் ஒன்று 320 சதுர அடி. ஃபேக்டரியிலேயே எல்லாம் முடிச்சுக் கொண்டு வந்து வச்சிட்டுப் போயிருவாங்க. நண்பர் ஒருத்தர் தோட்டத்தில் போட்டிருக்கார், நல்லாத்தான் இருக்கு.

மேஸ்திரி மகன்:

தம்பி, தோட்டத்தில் சரி. இங்கே எப்படிக் கொண்டுபோய் வைப்பது? முன்னால் வீடு, சந்து 7 அடி, கன்டெய்னர் 8 அடி அகலம். தெருவில் பெரிய கிரேன் நிறுத்தி வீட்டுக்கு மேலே தூக்கி இறக்க வேண்டும். தெருவில் மின் கம்பி போகும். அதுவும் போக, உள்ளே அகலம் ஏழரை அடிதான், காப்புப் பலகை அடித்தால் இன்னும் குறையும். கட்டில் போட்டால் அம்மா வாக்கர் பிடித்துத் திரும்ப இடம் இருக்காது. இரும்புப் பெட்டி சித்திரை வெயிலில் ஏ.சி. இல்லாமல் தாங்காது. வயசானவர்கள் ராத்திரி முழுக்க ஏ.சி.யில் படுக்க மாட்டார்கள்.

உடுமலை டீச்சர்:

தம்பி, நான் ஓய்வு பெற்ற ஆசிரியை, வயது 73. என் மகன் இதே மாதிரி அவன் வீட்டுக்குப் பின்னால் எனக்கு ஒரு வீடு கட்டிக் கொடுத்து நான்கு வருஷமாக அங்கே இருக்கிறேன். மகனும் மருமகளும் தங்கமானவர்கள், அவர்கள்மேல் ஒரு குறையும் இல்லை. வீடும் நல்ல வீடு. ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்ததும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பின்பக்கம் இருப்பவர்களுக்குத் தெரு கிடையாது.

கிராமத்தில் உங்கள் அம்மா காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடும்போது நாலு பேர் பேசிவிட்டுப் போவார்கள். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்தால் ஊர் சேதி தானாக வரும். இங்கே கீரைக்காரம்மா குரல் எனக்குக் கேட்கும். முழங்கால் வலியோடு எழுந்து, செருப்புப் போட்டு, சந்தைக் கடந்து கேட்டுக்குப் போவதற்குள் அவள் நாலு வீடு தள்ளிப் போயிருப்பாள். கூப்பிட்டால் கேட்காது. முதல் வருஷம் தினமும் முயற்சி செய்தேன், அப்புறம் விட்டுவிட்டேன். இப்போது மருமகளே வாங்கி வருகிறாள். கீரை வருகிறது, பேச்சு வருவதில்லை. பேத்தி பள்ளி விட்டு வந்தால் முன்வாசல் வழியாக நேரே அவள் அறைக்குப் போய்விடுவாள். பின்னால் வருவதற்கு அவளுக்கு வேலை என்று ஒன்று இருக்க வேண்டும்.

உங்கள் அம்மா இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பையன் இவ்வளவு செலவு செய்கிறான் என்று பேசாமல் இருந்துவிடுவார்கள். நான் இருந்தேன். ஆகையால் ஒன்று செய்யுங்கள். பெரியவர்கள் முன்வீட்டில் இருக்கட்டும், நீங்கள் நான்கு பேரும் பின்னால் போகிற மாதிரி கட்ட முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால், உட்கார்ந்த இடத்திலிருந்து கேட் தெரிகிற மாதிரி ஒரு திண்ணையாவது வையுங்கள். ஜன்னலெல்லாம் காம்பவுண்டுச் சுவரைப் பார்த்து இருக்க வேண்டாம்.

ஒண்டிப்புதூர்க்காரன்:

டீச்சர் அம்மா, உங்கள் பதிவை என் மனைவியும் நானும் சேர்ந்து படித்தோம். வரைபடத்தில் நான் போட்டிருந்த ஹால் கிழக்கு மூலையில் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் எங்கள் வீட்டுப் பின்சுவர்தான் தெரியும். இதை யாருமே எனக்குச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறேன், அம்மாவிடம் நேரில் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

கரூர்க் காற்று:

டீச்சர் சொன்னதை நான் இன்னும் ஒரு படி மேலே கொண்டு போகிறேன். கட்டவே வேண்டாம். இருக்கிற வீட்டுக்கு மேலே இரண்டு அறை எடுத்து நீங்களும் பிள்ளைகளும் மாடியில் படுங்கள். கீழ்த்தளம் முழுக்க அப்பா அம்மாவுக்கு. ஒரு அறையை இரண்டாவது சமையலறையாக மாற்றிவிடலாம். அஸ்திவாரச் செலவு மிச்சம், கரிசல் தொல்லை இல்லை, தென்னையும் நிற்கும். பெற்றவர்களைக் கொல்லைப்பக்கம் அனுப்புவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை.

மேஸ்திரி மகன்:

1994 வீடு, பில்லர் இல்லாமல் சுவர்மேல் நிற்கிற கட்டடமாக இருந்தால், அதுவும் கரிசலில் இருந்தால், மேலே எடுப்பதற்கு முன் அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்க்க வேண்டும். மாடி ஏற்றலாம் என்று வாயால் சொல்லிவிட முடியாது. மேலே கட்டி முடிக்கும்வரை கீழே குடியிருப்பதும் சிரமம்.

உடுமலை டீச்சர்:

கரூர்த் தம்பி, கொல்லைப்பக்கம் என்பது அவமானம் இல்லை. தனி வாசலும் தனி அடுப்பும் இருப்பதில் எங்களுக்கும் நிம்மதி உண்டு. நான் நாலு மணிக்கு எழுந்து மிக்சி போடுவேன், ரேடியோ வைப்பேன். ஒரே வீட்டில் அது முடியாது. அந்த அப்பாவே கேட்டிருக்கிறார், கட்டட்டும். தெரு தெரிய வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது.

ஆவண எழுத்து:

பணம் விஷயத்துக்கு யாரும் இன்னும் வரவில்லை. ஐயா, நிலம் உங்கள் பெயரில். அதில் கட்டுகிற வீடும் சட்டப்படி உங்களுடையதாகிவிடும். அப்பா தோட்டத்தை விற்று அந்தப் பணத்தைப் போட்டால், தங்கையின் கண்ணில் அது எப்படித் தெரியும் என்று யோசியுங்கள். இன்றைக்கு "அண்ணன்தானே பார்த்துக்கறான்" என்பார்கள். அப்பா காலத்துக்குப் பிறகு மாப்பிள்ளை வீட்டில் யாராவது கேட்பார்கள்.

முதலில் அந்தத் தோட்டம் அப்பா சுயமாக வாங்கியதா, பூர்வீகமா என்று பாருங்கள். பூர்வீகம் என்றால் 2005 திருத்தத்துக்குப் பிறகு மகளுக்கும் சம பங்கு, தங்கை கையெழுத்து இல்லாமல் விற்கவே கூடாது. சுயசம்பாத்தியம் என்றால் அப்பா விருப்பம், ஆனாலும் தங்கையைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசிவிடுங்கள். அப்பா மகனுக்குக் கொடுக்கிற பணத்துக்கு வருமான வரி கிடையாது. வங்கி வழியாகவே வரட்டும், எதற்காக என்று ஒரு தாளில் எழுதி மூவரும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா பக்கத்திலிருந்தும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் மேல் சந்தேகம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இருப்பதை விற்று மகன் மனையில் போட்டுவிட்டால் அவர் கையில் ஆதாரம் ஒன்றும் இருக்காது. 2007 மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் 23வது பிரிவு இருக்கிறது. பார்த்துக்கொள்வான் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்து, பார்க்காமல் விட்டால், அந்தப் பத்திரத்தை ரத்துசெய்யக் கேட்கலாம். ரொக்கமாகக் கொடுத்து வீடாக மாறிய பணத்துக்கு அந்த வழி அவ்வளவு சுலபமில்லை. எனவே பின்வீட்டில் அப்பா அம்மா இருவருக்கும் ஆயுள்வரை வசிக்கும் உரிமை என்று நீங்களே ஒரு பத்திரம் பதிந்து கொடுங்கள். உங்களுக்கு அதில் நஷ்டம் ஒன்றுமில்லை. அவர்கள் தலை நிமிர்ந்து இருப்பார்கள்.

நெல்லைத் தம்பி:

இந்த யோசனை ரொம்ப நல்லாருக்கு சார். எங்க வீட்டிலும் இதே பேச்சு ஓடிக்கிட்டிருக்கு, அப்பாகிட்ட காட்டுறேன்.

பிளான் பேப்பர்:

ஈ.பி. பற்றிக் கேட்டிருந்தீர்கள். தனி வாசல், தனி சமையலறை உள்ள தனிக் குடித்தனம் என்றால் இரண்டாவது இணைப்புக் கேட்டு விண்ணப்பிக்கலாம். ஒரே குடும்பம் ஒரே வீட்டில் 100 யூனிட் இலவசத்துக்காக இரண்டு மீட்டர் வைத்திருந்தால்தான் இணைக்கச் சொல்வார்கள். உங்களுடையது உண்மையிலேயே தனி வீடு, பயப்பட வேண்டாம். மாநகராட்சியில் சொத்து வரிக்கும் புதுப் பகுதியைச் சேர்த்துக் காட்டிவிடுங்கள்.

இதைவிட முக்கியம் சாக்கடை மட்டம். தெருவில் பாதாளச் சாக்கடை இருக்கிறதா? இருந்தால், பின்வீட்டுப் பாத்ரூமிலிருந்து தெருவுக்குக் கிட்டத்தட்ட 60 அடி. 4 இஞ்ச் குழாய்க்கு 60க்கு 1 சரிவு வைத்தால் 1 அடி இறங்க வேண்டும். நடுவில் திருப்பத்துக்குத் திருப்பம் சேம்பர் (அடைப்பு எடுக்கத் திறந்து பார்க்கிற தொட்டி). தெருச் சேம்பரின் ஆழத்தை அளந்து, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுத்தான் பின்வீட்டுத் தரைமட்டத்தை முடிவு செய்ய வேண்டும். பல வீடுகளில் தரையைப் போட்டுவிட்டு அப்புறம் குழாய் வைக்கிறார்கள், தண்ணீர் நிற்கிறது, மாதம் ஒரு தடவை குத்திவிட ஆள் தேடுகிறார்கள்.

ஒண்டிப்புதூர்க்காரன்:

பாதாளச் சாக்கடை இருக்கிறது. ரோடு மேலே மேலே போட்டு, எங்கள் வாசலே இப்போது ரோட்டுக்கு அரை அடிதான் உயரம். பின்னால் ஒன்றரை அடியாவது தூக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அப்படியானால் அம்மாவுக்குப் படி ஏறுவது கஷ்டம்.

மேஸ்திரி மகன்:

படி வைக்காதீர்கள், சாய்தளம் வையுங்கள். 12க்கு 1 சரிவு என்பது கணக்கு. ஒன்றரை அடி ஏற 18 அடி நீளம். கேட்டால் மலைப்பாக இருக்கும், ஆனால் உங்கள் மேற்குச் சந்து 32 அடி நீளம் சும்மா கிடக்கிறது. அதிலேயே 4 அடி அகலத்துக்குச் சாய்தளத்தை ஓட்டிவிடலாம், மிச்சம் 3 அடியில் ஆள் நடக்கலாம். ஒரு பக்கம் கைப்பிடிக் கம்பி. தரைக்கு வழவழப்பான டைல்ஸ் வேண்டாம், துடைப்பத்தால் இழுத்த சிமெண்டுப் பூச்சே பிடிமானம்.

பாத்ரூமையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வரைபடத்தில் அது சமையலறையைத் தாண்டிக் கடைசியில் இருக்கிறது. அப்பா ராத்திரி நாலைந்து தடவை எழுந்திருப்பவர். கட்டிலிலிருந்து நாலு எட்டில் பாத்ரூம் இருக்க வேண்டும், வழியில் வாசல்படி, கால்மிதி எதுவும் இருக்கக் கூடாது. கதவு 3 அடி அகலம், வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே யாராவது விழுந்து கதவில் சாய்ந்துவிட்டால் உள்பக்கம் திறக்கிற கதவை நம்மால் தள்ளவே முடியாது. தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கிற வகை. கைப்பிடி மாட்டுகிற சுவர் ஃப்ளை ஆஷ் கல்லில் இருக்கட்டும். ஹாலோ பிளாக் என்றால் அந்த இடத்தில் மட்டும் ஓட்டைக்குள் கான்கிரீட் நிரப்பச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஆள் எடை விழும்போது ஆணி பெயர்ந்து வரும்.

கரூர்க் காற்று:

சரி, கட்டுவது என்று முடிவானால் கூரையைக் கவனியுங்கள். ஒற்றைத் தளம், மேலே ஒன்றும் இல்லை. வெயில் நேரே இறங்கும். கூரைக்குள் உயரம் பத்தரை அடி, மேலே வெள்ளைக் கூல் டைல்ஸ். ஓட்டுக் கூரை அழகுதான், ஆனால் தென்னை பக்கத்தில் நிற்கிறது, ஒரு தேங்காய் விழுந்தால் ஓடு தாங்காது. கோவையில் ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கே இருந்து நன்றாக வரும். மேற்கு ஜன்னலை வெயிலுக்குப் பயந்து அடைத்துவிடாதீர்கள், 2 அடி சன்ஷேடு போட்டுக் காற்றை உள்ளே விடுங்கள்.

ஒண்டிப்புதூர்க்காரன்:

ஊருக்குப் போய் வந்தேன். இடையில் நடந்ததைச் சொல்கிறேன்.

அம்மாவிடம் முன்வீட்டுக்கு வருகிறீர்களா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்கள். பேத்தி படிக்கிற அறையைப் பிடுங்கிக்கொண்டு நான் இருப்பதா என்று கேட்டார்கள். அப்புறம் டீச்சர் அம்மா எழுதியதைப் படித்துக் காட்டினேன். கீரைக்காரம்மா வந்த இடத்தில் "நிறுத்து, இன்னொரு தடவை படி" என்றார்கள். கடைசியில் கேட்டது ஒன்றுதான்: கேட்டுக்குப் பக்கத்தில் கோலம் போட ஒரு இடம், வீட்டிலிருந்து கேட் தெரிய வேண்டும்.

வரைபடத்தைத் திருப்பிவிட்டோம். ஹால் மேற்கு ஓரத்துக்கு வந்துவிட்டது. வடமேற்கு மூலையில் 6க்கு 8 திண்ணை, இரண்டு பக்கமும் திறப்பு. அந்த இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தோம். சந்து வழியாகக் கேட்டும் எதிர்வீட்டு வாசலும் தெளிவாகத் தெரிகிறது. சாய்தளம் நேரே திண்ணையில் வந்து சேர்கிறது. எங்கள் சமையலறைப் பின்கதவிலிருந்து 6 அடி இடைவெளிக்கு மேலே ஷீட் போட்டு, மழையில் நனையாமல் போய்வர வழி வைக்கிறோம். பிள்ளைகள் சைக்கிள் நிறுத்தும் இடத்தையும் முன்னாலிருந்து அங்கே மாற்றுகிறோம், தினமும் அந்தப் பக்கம் வந்தே ஆக வேண்டும்.

அப்பா வாஸ்து கேட்டார். வடக்குப் பார்த்த மனையில் தென்பக்கம் கனமாக இருப்பது நல்லதுதான் என்று அவருடைய ஜோசியர் சொல்லிவிட்டார், தென்கிழக்கில் சமையலறையும் அமைந்துவிட்டது. பாத்ரூம் மட்டும் அவர் சொன்ன மூலைக்குப் போகவில்லை. கட்டிலிலிருந்து நாலு எட்டு என்பதை விளக்கினேன், ஒத்துக்கொண்டார்.

தோட்டம் அப்பா 1982இல் வாங்கியது, சுயசம்பாத்தியம். தங்கையும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். தங்கை கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் மீதித் தோட்டத்தில் அவள் பங்கு எவ்வளவு என்பதையும் இப்போதே எழுதிவிடலாம் என்றாள். அப்பா சரி என்றார். ஆயுள் உரிமைப் பத்திரம் பற்றிச் சொன்னபோது அப்பா "அதெல்லாம் எதுக்கு" என்றார். நான் பதிவதாகவே இருக்கிறேன்.

சோதனைக் குழி தோண்டியாயிற்று. மூன்றே முக்கால் அடி கரிசல், அதற்குக் கீழே சுக்கான். தென்னை ஒன்றை எடுக்க வேண்டியிருக்கிறது, மற்றது நிற்கும்.

மேஸ்திரி மகன்:

நல்ல செய்தி அண்ணா. பைல் வேண்டாம், 5 அடி இறங்கி ஃபூட்டிங் போடலாம், அளவையும் கம்பியையும் உங்கள் பொறியாளர் சொல்லட்டும். வீட்டைச் சுற்றி 3 அடி அகலத்துக்குச் சிமெண்டுத் தளம் போட்டுவிடுங்கள், கூரைத் தண்ணீர் அஸ்திவாரத்தில் இறங்காது. மழைநீர்த் தொட்டி கட்டாயம், ஆனால் அதை மேற்குச் சந்தில் வைக்காதீர்கள். முன்பக்கம் கேட் ஓரம் கொண்டுபோங்கள். கரிசலில் வீட்டுக்கு ஒட்டித் தண்ணீரை இறக்குவது நாமே மண்ணை உப்பவைப்பது மாதிரி. ஐப்பசி மழை முடியட்டும். அனுமதி வருவதற்கும் அது சரியாக இருக்கும். தையில் வானம் தோண்டினால் ஆனிக் காற்றுக்கு முன் கூரை ஏறிவிடும்.

உடுமலை டீச்சர்:

திண்ணையின் உயரம் 18 இஞ்சுக்குக் குறையாமல் இருக்கட்டும் தம்பி. தாழ்வாக இருந்தால் முழங்கால் வலியோடு எழுந்திருக்க முடியாது. ஓரத்தில் பிடித்து எழ ஒரு தூண் வேண்டும். கேட்டில் ஒரு அழைப்பு மணியும் வையுங்கள், அதன் சத்தம் பின்வீட்டில் கேட்க வேண்டும். கீரைக்காரம்மாவிடம் முதல் நாளே சொல்லிவிட்டால் அவள் அழுத்திவிட்டுக் காத்திருப்பாள்.

ஒண்டிப்புதூர்க்காரன்:

18 இஞ்ச், தூண், மணி மூன்றையும் குறித்துக்கொண்டேன் அம்மா. பிளான் பேப்பர் சார், பழைய வரைபட நகல் கிடைத்துவிட்டது. அதில் கிழக்குப் பக்கம் 5 அடி என்றுதான் இருக்கிறது, இடமும் 5 அடிதான். அடுத்து புது வரைபடத்துக்கு எந்தெந்தத் தாள் கொண்டுபோக வேண்டும்?

பிளான் பேப்பர்:

பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, லேஅவுட் அங்கீகார நகல், பழைய பிளான், கடைசியாகக் கட்டிய சொத்து வரி ரசீது. இவற்றோடு பொறியாளரைப் பாருங்கள், மீதியை அவர் கேட்பார். பட்டாவில் உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். 2011இல் வாங்கிப் பத்திரத்தோடு விட்டுவிட்டவர்கள் நிறையப் பேர். முந்தைய உரிமையாளர் பெயரிலேயே இருந்தால் பெயர் மாற்றத்துக்கு இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான் நகரும்.